நிக்கித்தா குருஷ்சேவ்

பாராளுமன்றம், தேர்தல், மந்திரிசபை, அரசியற் சட்டம் என்னும் சொற்கள் எந்நாட்டிலும் ஒரே பொருள் தருவன என்று நாம் எண்ணிவிடுகின்றோம். பெயர் ஒன்றாயிருப்பினும் பொருள் வேறாதல் உண்டு என்பதை ஸோவியத் ருஷியாவின் சரித்திரம் நன்கு விளக்கும். ஒரே கட்சி ஆண்ட அந்நாட்டில் அரசியல் எவ்வாறு நடைபெற்றது என்பதைச் சட்டநூல்களிற் கற்பதினும், அதன் அடிப்படியிலிருந்து உச்சிவரை ஏறி, பின் உச்சியினின்றும் இறக்கப்பட்ட ஒருவருடைய வாழ்க்கையிற் கற்றல் எளிது. ஆதலின் நிக்கித்தா குருஷ்சேவ் என்பாரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாய் வரையப் புகுகின்றோம்.

அவர் 1894-ஆம் ஆண்டில், உக்ரேன் எல்லைக்கு அணித்தாயுள்ள கலினோவ்கா என்னும் ருஷியச் சிற்றூரில், ஏழைக் குடியானவர் குடும்பத்திற் பிறந்தார். பள்ளியிற் பயின்றது சில ஆண்டுகளே. இளமையிலேயே யூஸோவ்கா என்னும் சுரங்க நகருக்குச் சென்று, இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழிலாளியாயினார். 1917-இல் புரட்சி நிகழ்ந்தது. அடுத்த ஆண்டு அவர் போல்ஷெவிக் கட்சியிற் சேர்ந்தார். 1929-இல் மாஸ்கோவிலுள்ள கைத்தொழிற் கழகத்திற் படிக்கச் சென்ற அவர், 1935-இல் அம்மாநகரக் கட்சியின் தலைமைச் செயலாளராய் விளங்கினார். 1938-இல் உக்ரேன் முழுவதற்கும் கட்சித் தலைவராக அனுப்பப்பட்டார்.

இவ்வளவு விரைவில் உயர்ந்தமைக்குக் காரணம் பொதுமக்களின் வாக்கு அன்று. அந்நாட்டில் இரண்டு ஏணிகள் அருகருகே நின்றன. ஒன்று அரசாங்கம், மற்றொன்று கட்சி. 1936-ஆம் ஆண்டின் அரசியற் சட்டம் மக்கள் தேர்ந்தெடுக்கும் உயர்ந்த ஸோவியத் சபைக்கே முதன்மை தந்தது. ஆயின் தேர்தற் சீட்டில் ஓரிடத்துக்கு ஒரே பெயரே இருக்கும். அச்சபை ஆண்டிற் சில நாட்களே கூடி, முன்னரே முடிவானவற்றுக்குக் கையுயர்த்திக் கலையும். முடிவு செய்யும் இடம் கட்சியின் தலைமைக்குழு. முக்கிய உத்தியோகங்களுக்கு ஆட்களைப் பொறுக்கும் இடம் கட்சியின் செயலகம். எந்தெந்தப் பதவிக்குக் கட்சியின் அனுமதி வேண்டும் என்பதற்குத் தனி ஜாபிதாவே இருந்தது. மேலிருப்பவர் கீழிருப்பவரை நியமிப்பர். கீழிருப்பவர் மேலிருப்பவரைத் தாங்குவர். ஸ்டாலினின் கொடுமை உச்சமுற்ற காலத்து, மாஸ்கோவிலும் உக்ரேனிலும் எண்ணற்றோர் சிறைப்பட்டு மாண்டனர். அக்கொடுஞ் செயல்களிற் குருஷ்சேவுக்கும் பங்குண்டு. அதனை நாம் மறைத்தல் கூடாது.

1953-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 5-ஆம் நாள் ஸ்டாலின் இறந்தார். பிரதம மந்திரிப் பதவியும் கட்சிச் செயலகமும் மலென்கோவிடம் வந்தன. சின்னாட்களுள் ஏனைத் தலைவர்கள் அவரைச் செயலகத்தினின்று விலகச் செய்தனர். அவர் பிரதம மந்திரிப் பதவியை வைத்துக்கொண்டார். உலகத்தாரும் அவரே தலைவர் என நினைத்தனர். செயலகமோ குருஷ்சேவ் கையிற் சேர்ந்தது. செயலகம் மாகாணச் செயலாளர்களை அமர்த்தும். அவர்கள் பார்வையிற் கட்சி மாநாட்டின் பிரதிநிதிகள் தெரியப்படுவர். மாநாடு மத்தியக் கமிட்டியைத் தேரும். மத்தியக் கமிட்டி மீண்டும் செயலாளரைத் தேரும். இச்சக்கரத்தின் அச்சாணி எது என்பதைக் குருஷ்சேவ் நன்கறிந்திருந்தார். இரகசியப் போலீசின் தலைவரான பெரியா அவ்வாண்டு ஜூன் மாதம் சிறைப்பட்டு டிசம்பரிற் சுடப்பட்டார். செப்டம்பரிற் குருஷ்சேவ் முதற் செயலாளர் ஆனார். 1955-இல் மலென்கோவ் பிரதமர் பதவியையும் இழந்தார்.

1956-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 25-ஆம் நாள், கட்சியின் இருபதாம் மாநாட்டில், கதவடைத்த கூட்டத்திற் குருஷ்சேவ் ஸ்டாலினின் கொடுமைகளை மணிக்கணக்காய் எடுத்துரைத்தார். குற்றமற்ற கட்சியினர் பலர் சித்திரவதைக்கு உட்பட்டுப் பொய்யாக ஒப்புக்கொண்டு மடிந்ததை அவையோர் கேட்டுத் திகைத்தனர். சிறைமுகாம்களிலிருந்து பெருந்தொகையினர் விடுதலை பெற்றனர். ஆயினும் கட்சி ஒன்றே ஆளவேண்டும் என்னும் கொள்கையை அவர் தொடவில்லை. அப்பேச்சின் முழு வாசகம் அந்நாட்டில் 1989 வரை பொதுமக்களுக்கு அச்சாகவில்லை என்பதும் நினைவிற்குரியது.

1957-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மொலோடோவ், மலென்கோவ், ககனோவிச் முதலியோர் தலைமைக்குழுவிற் பெரும்பான்மை பெற்று அவரை நீக்க முயன்றனர். தம்மைத் தேர்ந்தது மத்தியக் கமிட்டி. நீக்குவதும் அதுவே என்று அவர் வாதித்தார். படைத்தலைவர் ஜுகோவின் உதவியால் கமிட்டி உறுப்பினர் பலர் இராணுவ விமானங்களில் மாஸ்கோவுக்குக் கொண்டுவரப்பட்டனர். கமிட்டி குருஷ்சேவின் பக்கம் நின்றது. தோற்றவர்களை அவர் கொல்லவில்லை. மொலோடோவ் மங்கோலியாவுக்குத் தூதராகவும், மலென்கோவ் தொலைவிலுள்ள மின்நிலையமொன்றின் தலைவராகவும் அனுப்பப்பட்டனர். ஸ்டாலின் காலத்தோடு ஒப்பிட இது பெரிய மாறுதல். 1958-இல் அவர் பிரதமர் பதவியையும் ஏற்றார்.

அவ்வேளையிற்றான் நம்மனோர் வருந்துதற்குரிய செயலொன்றும் நடைபெற்றது. அரசியற் சட்டம் வழிபாட்டுரிமையை வழங்கியிருந்தும், அவரது ஆட்சியின் பிற்பகுதியில் ஆயிரக்கணக்கான ஆலயங்கள் மூடப்பட்டன. குருமாரைப் பயிற்றும் ருஷியத் திருச்சபையின் செமினாரிகள் எட்டு, மூன்றாய்க் குறைந்தன. தம் ஆலயத்தின் கதவு அடைபட்ட விசுவாசி எவரிடம் முறையிடுவார்? நீதிமன்றமும் கட்சியினுடையது, பத்திரிகையும் கட்சியினுடையது. ஏட்டில் உரிமை இருந்தது. அதனைக் கேட்டுப் பெறும் வாயில் இல்லை.

அந்த வாயில் தமக்கும் இல்லை என்பதைக் குருஷ்சேவ் பின்னரே உணர்ந்தார். 1961-இல் கட்சிக் கமிட்டிகளிற் குறித்த பங்கினர் ஒவ்வொரு தேர்தலிலும் மாறவேண்டும் என விதி செய்தார். 1962-இல் மாகாணக் கட்சிகளைத் தொழிலுக்கொன்று, வேளாண்மைக்கொன்று எனப் பிளந்தார். பதவி நிலையாதோ என்று செயலாளர்கள் அஞ்சினர். எவரைக் கொண்டு சக்கரம் சுழன்றதோ, அவரே வெறுத்தபின் அஃது எதிராய்ச் சுழலாதொழியுமோ? 1964-ஆம் ஆண்டு அக்டோபரிற் கருங்கடற் கரையில் ஓய்வுற்றிருந்த அவரை மாஸ்கோவுக்கு அழைத்தனர். 13-ஆம் நாள் தலைமைக்குழு அவரைக் குறைகூறிற்று. 14-ஆம் நாள் மத்தியக் கமிட்டி அவரை விலக்கிற்று. ஏழாண்டுக்கு முன் காத்த கமிட்டியே இப்போது கைவிட்டது. முதுமையும் உடல்நலக் குறைவுமே காரணம் என உலகிற்கு அறிவித்தனர். பிரெஷ்னேவ் அவரிடத்தில் அமர்ந்தார். 1966-இல் மாறுதல் விதியும் நீக்கப்பட்டது.

எஞ்சிய ஏழாண்டுகளை அவர் கண்காணிப்பின்கீழ்த் தோட்டம் பயிரிட்டும், நினைவுகளை ஒலிப்பதிவு செய்தும் கழித்தார். அவை 1970-இல் வெளிநாட்டில் நூலாயின. தம் நாட்டில் அவற்றை வெளியிட வழியில்லை. 1971-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 11-ஆம் நாள் அவர் காலமானார். கிரெம்ளின் மதிலருகே இடம் தரவில்லை. நோவோதேவிச்சி கல்லறையில் அடக்கினர். அவர் 1962-இற் பலர் முன்னிலையிற் கடிந்துகொண்ட சிற்பி எர்ன்ஸ்ட் நெய்ஸ்வெஸ்த்னியே அவருடைய கல்லறைச் சின்னத்தை வெள்ளைக் கல்லும் கருங்கல்லும் இணைத்து அமைத்தார். 1990-இல் கட்சியின் ஏகபோகம் அரசியற் சட்டத்தினின்று அகற்றப்பட்டது. 1991-இல் ஸோவியத் அரசும் மறைந்தது.

குருஷ்சேவ் அச்சத்தைக் குறைத்தார். தோற்றவர் உயிரோடு வீடு திரும்பும் வழக்கத்தை ஏற்படுத்தினார். அவ்வழக்கமே ஈற்றில் அவரையும் காத்தது. பிறருடைய உரிமைக்கு வேலி கட்ட மட்டும் மறந்தார். ஆதலின் தம் சொல்லைக் காக்கவும் வேலியின்றி நின்றார். எதிர்த்துப் பேசுவோனுக்கும் இடமளிக்கும் ஏற்பாடு ஆள்வோனுக்கே அரண் என்பதை அவ்விருநிறக் கற்களின்முன் நின்று எண்ணுவோர் உணர்வாராக.