நிலவொளியில் இசை படித்த சிறுவன்

ரந்தாவில் மாலை நேரங்களில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லித் தருகிறேன். வரும் மாணவர்கள் பலரும் கைப்பேசியில் கார்ட் தாளோடு வருகிறார்கள். பாடல் வரிகளுக்கு மேல் சி, ஏ மைனர், எஃப், ஜி என்ற எழுத்துகள் இருக்கும். பார்த்து அழுத்தினால் பாட்டு வந்துவிடும். சொந்தமாக ஒரு மெட்டுப் போடச் சொன்னால்தான் கை நின்றுவிடுகிறது. அப்போது நான் சொல்வது யொஹான் செபாஸ்டியன் பாக்கின் வாழ்க்கையை.

பாக் 1685இல் ஜெர்மனியின் ஐசனாக் நகரில் பிறந்தார். பத்து வயது நிறைவதற்குள் தாயும் தந்தையும் இறந்துவிட்டனர். தேவாலயத்தில் ஆர்கன் வாசித்த அண்ணன் அவரை வளர்த்தார். அண்ணனிடம் பெரிய இசைக் கலைஞர்களின் படைப்புகள் அடங்கிய நூல் ஒன்று இருந்தது. அதைத் தொடச் சிறுவனுக்கு அனுமதி இல்லை. அலமாரியின் கம்பிக் கதவு வழியே இரவில் அதை உருவி எடுத்து, விளக்கில்லாததால் நிலா வெளிச்சத்தில், ஆறு மாதம் பிரதி எடுத்தார் என்று அவர் மறைவுக்குப் பின் வெளிவந்த இரங்கல் குறிப்பு கூறுகிறது. அண்ணன் அதைக் கண்டுபிடித்துப் பறித்துக்கொண்டார். தாள் போனது, எழுதி எழுதிப் பழகிய இசை போகவில்லை.

அக்காலத்திலும் கார்ட் தாள் போன்ற ஒன்று இருந்தது. இடக்கைக்கு அடிச்சுரம் மட்டும் எழுதி, அருகே எண்களை இடுவார்கள். 'இ' சுரத்தில் 6 என்று இருந்தால், அதிலிருந்து எண்ணி மூன்றாவதான 'ஜி'யையும் ஆறாவதான 'சி'யையும் சேர்க்க வேண்டும். இன்றைய சி கார்ட்தான் அது. எந்தச் சுரத்தை மேலே வைப்பது, எப்படி நகர்வது என்பதெல்லாம் வாசிப்பவர் அந்தக் கணத்தில் முடிவு செய்வது. பாக் தம் மாணவர்களுக்கு இசையமைப்பைக் கற்பித்ததும் இந்த எண்களில் தொடங்கித்தான்.

1705இல், இருபது வயதில், புக்ஸ்டஹூட என்ற ஆர்கன் மேதையைக் கேட்க ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நடந்தே போனார். நான்கு வார விடுப்பு நான்கு மாதமானது. திரும்பியதும், பாடல்களுக்கு இடையே விசித்திரமான சுரங்களைச் சேர்த்துச் சபையைக் குழப்புகிறார் என்று மேலதிகாரிகள் கண்டித்தார்கள். அவர் கற்பனை அடங்கவில்லை. 1747இல் பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக் கொடுத்த மெட்டை அங்கேயே மூன்று குரல்கள் ஒன்றையொன்று துரத்தும் இசையாக விரித்து வாசித்தார். கண் அறுவைச் சிகிச்சைகள் பலனளிக்காமல் 1750இல் காலமானார். நம் இளையராஜா 1986இல் 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பில் அவரைக் கர்நாடக இசையோடு சேர்த்து வணங்கினார்.

மாணவர்களே, இன்றே ஒன்று செய்து பாருங்கள். வலக்கையில் சி-இ-ஜி அழுத்துங்கள். 'ஜி'யை மட்டும் 'ஏ'வுக்கு நகர்த்தினால் ஏ மைனர். அடுத்து 'இ'யை மட்டும் 'எஃப்'புக்கு நகர்த்தினால் எஃப். மூன்று விரலையும் கீழே இறக்கி பி-டி-ஜி பிடித்தால் ஜி கார்ட். மேல்விரல் மட்டும் ஜி, ஏ, ஏ, ஜி என்று ஒரு சிறு மெட்டைப் பாடியிருக்கும். மேலே நிற்கும் சுரத்தை மாற்றுங்கள், மெட்டும் மாறும். அந்த மாற்றம் தாளில் எழுதப்பட்டிருக்காது. அது உங்களுடையது.