கொசுவை விடாமல் துரத்திய டாக்டர் - சர் ரொனால்ட் ராஸ்



ராத்திரி கொசு கடிச்சா நாம என்ன செய்வோம்? அடிப்போம், சொறிவோம், தூங்கிடுவோம். ஆனால் ஒருவர் அந்தக் கொசுவை விடவே இல்லை. அவர்தான் சர் ரொனால்ட் ராஸ்.

இவர் 1857-ஆம் ஆண்டு மே 13-ஆம் தேதி இமயமலைப் பக்கம் அல்மோராவில் பிறந்தார். அப்பா பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. எட்டு வயதிலேயே இவரை இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். இவருக்குப் பிடித்தது கவிதையும் ஓவியமும். ஆனால் அப்பா ஆசைக்காக டாக்டருக்குப் படித்தார். 1881-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து நம்ம சென்னை மாகாணத்துக்குத்தான் வந்தார்.

1883-ல் பெங்களூரில் வேலை. தங்கிய வீட்டில் ஒரே கொசு. பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே ஒரு தொட்டித் தண்ணீரில் புழுவாக நெளிந்தது. தொட்டியைக் கவிழ்த்தார். கொசு குறைந்தது. மற்ற தொட்டிகளையும் கவிழ்க்கலாமே என்று ஓர் அதிகாரியிடம் கேட்டார். இயற்கையில் கை வைக்கக் கூடாது என்று அவர் மறுத்துவிட்டார்.

அந்தக் காலத்தில் மலேரியா கெட்ட காற்றால் வருகிறது என்று நம்பினார்கள். மலேரியா என்ற பேருக்கே அர்த்தம் அதுதான். 1894-ல் லண்டனில் பாட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர், இதற்குக் கொசு காரணமாக இருக்கலாம் என்று ராஸிடம் சொன்னார். அடுத்த வருஷம் ராஸ் இந்தியா திரும்பி, செகந்திராபாத்தில் கொசுக்களை அறுத்து அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. 1897-ல் ஊட்டிக்குக் கீழே சீகூர் பக்கம் போனபோது அவருக்கே மலேரியா வந்துவிட்டது! அப்பவும் விடலை.

உசேன் கான் என்ற நோயாளி, ஒரு கொசுவுக்கு ஓர் அணா வாங்கிக்கொண்டு கடிக்க விட்டார். அந்தக் கொசுக்களில் ஒன்றின் வயிற்றுச் சுவரில், 1897 ஆகஸ்ட் 20 அன்று மலேரியாக் கிருமியை ராஸ் கண்டார். அதனால்தான் ஆகஸ்ட் 20 உலகக் கொசு தினம். 1898-ல் கல்கத்தாவில் முகமது பக்ஸ் என்ற உதவியாளரோடு பறவை மலேரியாவை ஆராய்ந்தார். கிருமி கொசுவின் எச்சில் சுரப்பிக்கு வருவதையும், கடிக்கும்போது அடுத்த பறவைக்குப் போவதையும் கண்டுபிடித்தார். அதே வருஷம் இத்தாலி விஞ்ஞானிகள், மனிதருக்கும் அப்படியே பரவுகிறது என்று காட்டினார்கள். 1902-ல் ராஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1932 செப்டம்பர் 16-ல் லண்டனில் காலமானார்.

நமக்கு அரிப்பு வருவதும் அதே எச்சிலால்தான்! முட்டை வளரப் பெண் கொசுவுக்கு ரத்தம் வேணும். ரத்தம் உறையாமல் இருக்க அது எச்சிலை உள்ளே விடுகிறது. நம்ம உடம்பு அதை எதிரி என்று நினைத்து ஹிஸ்டமின் என்ற பொருளைச் சுரக்கிறது. அதனால்தான் தடிப்பும் அரிப்பும்.

போன ஐப்பசி மழையில் என் தம்பி கொசுக்கடியைச் சொறிந்து சொறிந்து கால் சீழ் வைத்துவிட்டது. அப்பாயி சுண்ணாம்பு வேறு தடவிட்டாங்க, தோல் வெந்துபோச்சு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கட்டிய நர்ஸ் அக்கா சொன்னது இது: சோப்புப் போட்டுக் கழுவணும், ஈரத்துணி வைக்கணும், கலாமைன் லோஷன் தடவலாம், நகம் படக்கூடாது. முகம் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

ஸ்ரீரங்கத்தைச் சுற்றிக் காவிரியும் கொள்ளிடமும் ஓடுதே, அதான் கொசு என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஆனால் வேகமாக ஓடுகிற தண்ணீரில் கொசு பெரும்பாலும் வளராது, தேங்கினால்தான் அதிகம் வளரும். வீட்டுக்கு வந்து கொல்லையில் தேடினேன். பழைய ஆட்டுக்கல் குழியில் மழைத் தண்ணி, அதில் புழு நெளிஞ்சுது! கவிழ்க்க முடியலை. கொட்டாங்குச்சியால் மொண்டு ஊற்றிவிட்டு மணலைப் போட்டு மூடினேன். அன்னைக்கு எனக்கு ராஸ் ஞாபகம்தான்.

முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள்தான் ஆகும். ஆகவே தோழர்களே, வாரம் ஒருநாள், வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொள்வோம். டயர், தேங்காய் ஓடு, தொட்டி எல்லாத்தையும் கவிழ்ப்போம். ராஸ் கேட்டு அன்று மறுத்த வேலையை நாம் செய்வோமா?

- 9-ஆம் வகுப்பு மாணவி