ஐந்து பவுண்டு அபராதம்!

1919ஆம் ஆண்டு, ஏப்ரல் மாதம். லண்டன் நகரின் டிரஃபால்கர் சதுக்கத்தில், 42 வயதுப் பெண்மணி ஒருவர் போவோர் வருவோருக்கெல்லாம் துண்டுப் பிரசுரம் கொடுத்துக் கொண்டிருந்தார். அதில், எலும்பும் தோலுமாக ஓர் ஆஸ்திரியக் குழந்தையின் படம். போலீசார் வந்தனர், அவரைக் கைது செய்தனர்!

அவர்தான் எக்லாண்டைன் ஜெப். இங்கிலாந்தின் எல்ஸ்மியர் என்ற ஊரில், 1876 ஆகஸ்ட் 25ஆம் தேதி பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் வரலாறு படித்தார். சில காலம் பள்ளி ஆசிரியையாக இருந்தார். அந்த வேலை அவருக்கு ஒத்துவரவில்லை. குழந்தைகளோடு பழகுவது தனக்கு அவ்வளவாக வராது என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். வேடிக்கைதான், இல்லையா?

துண்டுப் பிரசுரத்துக்குக் கைதா என்று கேட்கிறீர்களா? முதல் உலகப் போர் 1918 நவம்பரிலேயே நின்றுவிட்டது. ஆனால், தோற்ற நாடுகளுக்கு உணவு போகவிடாமல் பிரிட்டனும் அதன் நட்பு நாடுகளும் போட்டிருந்த முற்றுகை, அதன் பிறகும் பல மாதங்கள் நீடித்தது. பட்டினியில் வாடியவர்கள் குழந்தைகள். அதைத்தான் ஜெப் அம்மையார் ஊருக்குச் சொன்னார். அரசின் அனுமதி பெறாமல் அச்சடித்தது குற்றம் என்று வழக்குப் போட்டார்கள்.

நீதிமன்றத்தில் அவரே தனக்காக வாதாடினார். தீர்ப்பு, ஐந்து பவுண்டு அபராதம். அப்போது நடந்ததுதான் ஆச்சரியம். அவரை எதிர்த்து வாதாடிய அரசு வக்கீலே, தன் பையிலிருந்து ஐந்து பவுண்டை எடுத்துக் கொடுத்தார்! சில நாட்களில், 1919 மே 19ஆம் தேதி, தங்கை டோரதியுடன் சேர்ந்து 'சேவ் த சில்ட்ரன்' அமைப்பைத் தொடங்கினார் ஜெப். எதிரி நாட்டுக் குழந்தைக்கும் சோறு போட்டது அந்த அமைப்பு. 1921ல் ரஷ்யாவில் கொடும் பஞ்சம் வந்தபோது, அங்கும் உணவுக் கப்பல் போனது.

ஆனால், நன்கொடை நின்றுபோனால் என்ன செய்வது? சோறு கொடுப்பது தர்மமாக மட்டும் இருக்கக் கூடாது, அது குழந்தையின் உரிமையாக வேண்டும் என்று நினைத்தார் ஜெப். 1923ல் ஐந்தே அம்சங்களில் ஒரு பிரகடனம் எழுதினார். பசித்த குழந்தைக்கு உணவு, நோயுற்ற குழந்தைக்கு மருத்துவம், அனாதைக்கு அடைக்கலம், ஆபத்தில் குழந்தைக்கே முதல் உதவி, யாரும் அதைச் சுரண்டாதபடி பாதுகாப்பு என்றெல்லாம் அதில் இருந்தது. 1924 செப்டம்பர் 26ல் சர்வதேச சங்கம் அதை ஏற்றது. நான்கே ஆண்டுகளில், 1928 டிசம்பர் 17ல், ஜெனீவாவில் அவர் இறந்தார். வயது 52.

பிரகடனம் என்பது நல்லெண்ண அறிவிப்பு மட்டுமே. எந்த நாட்டையும் அது கட்டுப்படுத்தாது. 1959ல் ஐ.நா. சபை விரிவாக்கி வெளியிட்டதும் பிரகடனம்தான். கட்டுப்படுத்தும் உடன்படிக்கை வர, 1989 நவம்பர் 20 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதில் 54 பிரிவுகள்!

உடன்படிக்கையில் ஒரு நாடு எப்படிச் சேருகிறது? முதலில் கையெழுத்து. இது நிச்சயதார்த்தம் மாதிரி. பிறகு, அந்த நாட்டின் சட்டப்படி ஒப்புதல் பெற்று, ஐ.நா.விடம் எழுத்து மூலம் உறுதி செய்ய வேண்டும். இதுதான் தாலி கட்டுவது. அதன் பிறகு உடன்படிக்கை அந்த நாட்டைக் கட்டுப்படுத்தும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை, குழந்தைகளுக்காக என்ன செய்தோம் என்று அறிக்கை தர வேண்டும். ஜெனீவாவில் கூடும் 18 நிபுணர்கள் அதைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்பார்கள்.

20 நாடுகள் உறுதி செய்ததும், 1990 செப்டம்பர் 2ல் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. இன்று 196 தரப்புகள் அதில் உள்ளன. அமெரிக்கா 1995ல் கையெழுத்துப் போட்டது. அங்கே செனட் சபையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும்; இன்னும் அது செனட்டின் ஓட்டெடுப்புக்கே போகவில்லை. நிச்சயதார்த்தத்தோடு நிற்கிறது!

இந்தியாவோ நிச்சயதார்த்தம் இல்லாமலேயே, 1992 டிசம்பர் 11ல் நேரடியாகச் சேர்ந்தது. ஆனால், ஒரு விஷயத்தில் மட்டும் அவகாசம் கேட்டது. குழந்தைகள் வேலை செய்வதை எல்லாத் தொழில்களிலும் உடனே தடுக்க இயலாது, படிப்படியாகத்தான் முடியும் என்று எழுதிக் கொடுத்தது. அந்தப் படிகள் ஏறப் பல ஆண்டுகள் ஆயின. 14 வயதுக்கு உட்பட்டோரை எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கக் கூடாது என்று 2016ல்தான் சட்டம் திருத்தப்பட்டது. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவதற்கும், சினிமா போன்றவற்றில் நடிப்பதற்கும் மட்டும் விலக்கு. மறு ஆண்டு ஜூன் மாதம், குழந்தைத் தொழிலாளர் குறித்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் இரண்டு முக்கிய உடன்படிக்கைகளையும் இந்தியா உறுதி செய்தது.