தூனிஸ் நகரில் ஒரு சலாம்

மதுரை வரை வந்து சென்ற உலகப் பயணி இப்னு பதூதாவின் பெயரை நீங்கள் கேள்வியுற்றிருப்பீர்கள். அவர் ஓர் ஊர் வாயிலில் நின்று அழுத செய்தியை அறிவீர்களா?

ஹிஜ்ரி 725, ரஜப் பிறை 2, கி.பி. 1325 ஜூன் மாதம். மொராக்கோவின் தாஞ்சியர் நகரிலிருந்து ஹஜ்ஜை நாடித் தன்னந்தனியே புறப்பட்டபோது அவருக்கு வயது 21. பெற்றோரைப் பிரிந்த துயரம் நெஞ்சில் கனத்தது. வழியில் பிஜாயாவில் கடுங்காய்ச்சல் கண்டது. தங்கித் தேறுமாறு வழித்துணையாய்ச் சேர்ந்தோர் கூறியும் மறுத்துவிட்டார். தம் சவாரிப் பிராணியையும் பளுவான மூட்டைகளையும் விற்றார். இரவல் பிராணியின் மீது, விழுந்துவிடாதிருக்கத் தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு பிணைத்துக்கொண்டார். இளமையின் பிடிவாதம் என்றே இதனைச் சொல்ல வேண்டும்!

தூனிஸ் நகரை அடைந்தனர். ஊரார் திரண்டு வந்து, உடன்வந்தோருக்குச் சலாம் உரைத்து நலம் விசாரித்தனர். இவரை அறிந்தார் எவருமிலர். சலாம் சொல்லவும் ஆளில்லை. கண்ணீர் பெருகிற்று. அதனைக் கண்ணுற்ற ஹஜ் பயணி ஒருவர் நெருங்கி வந்து சலாம் கூறி, நகருக்குள் நுழையும்வரை அன்போடு பேசிக்கொண்டே வந்தார்.

புத்தக வணிகர் மத்ரஸாவில் தங்க இடம் கிடைத்தது. நோன்புப் பெருநாளும் அங்கேயே கழிந்தது. துல்கஃதா மாதம் ஹஜ் கூட்டம் புறப்பட்டபோது, அழுதுகொண்டு வந்த அவ்வாலிபரே அதன் காழி!

1355ஆம் ஆண்டு நிறைவுற்ற தம் பயண நூலிலும் அந்தச் சலாமை அவர் மறவாது குறித்துள்ளார். சொன்னவரின் பெயர்தான் அதில் இல்லை.