ஜான் போஸ்டெல் சரித்திரச் சுருக்கம்

கணினிகள் ஒன்றோடொன்று பேசுதற்கு ஒழுங்கு வகுத்த அறிஞர் பலராவர். அவருள், பெரும்பதவி எதனையும் நாடாது, பிறர் எழுதிய விதிகளைச் செப்பஞ் செய்தலும், எண்களைப் பகிர்ந்தளித்துக் கணக்கு வைத்தலுமாகிய பணியிலேயே ஆயுளைக் கழித்தவர் ஜான் போஸ்டெல் என்பார். நீண்ட தாடியும் காலிற் செருப்புமாக உலவிய அவரது சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கிக் கூறப் புகுகின்றோம்.

இவர் அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்து ஆல்டடீனா என்னும் ஊரில் 1943-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி பிறந்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்திலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையிற் பயின்று, 1974-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1969-இல் ராணுவ இலாகாவின் பொருளுதவியால் ஆர்ப்பாநெட் என்னும் வலை தொடங்கியபொழுது, அச்சர்வகலாசாலையே அதன் முதல் நிலையமாயிற்று. மாணவராயிருந்த போஸ்டெலும் அவ்வேலையில் ஈடுபட்டார். வலையின் விதிகளை வெளியிடும் ஆர்.எப்.சி. என்னும் குறிப்பு வரிசைக்கு நெடுங்காலம் ஆசிரியராயிருந்தார். 1977-இல் தென் கலிபோர்னியா சர்வகலாசாலையின் தகவல் விஞ்ஞான நிலையத்தை அடைந்தவர், இறுதிவரை அங்கேயே இருந்தார்.

1981 செப்டம்பரில் இவர் பதிப்பித்த ஐ.பி. விதி, செய்தியைச் சிறு பொதிகளாகப் பிரித்து அனுப்பும் முறையைக் கூறுவது. ஒவ்வொரு பொதியின் முகப்பிலும் எட்டு இருமை இலக்கங்கொண்ட ஓரிடம், அப்பொதிக்கு எத்தகைய உபசாரம் வேண்டுமென்பதைக் குறிக்க ஒதுக்கப்பட்டது. முதல் மூன்று இலக்கங்கள் 0 முதல் 7 வரையுள்ள முந்துரிமையைக் காட்டும். அடுத்த மூன்றும் தாமதமின்மை, மிகுதியாகச் செல்லுதல், தவறாமை என்பவற்றை வேண்டும். எஞ்சிய இரண்டும் வெறுமையாக விடப்பட்டன. தந்தியின்மேல் அவசரம் என்று குறிப்பது போன்றதே இது.

ஆயின் அனுப்புவோன் ஒவ்வொருவனும் தன் பொதியே அவசரமென்று குறித்துக்கொண்டால் என் செய்வது? கல்யாண வீட்டில் வந்தவர் யாவரும் முதற்பந்திக்கே உரியவராயின் முதற்பந்தி என்பதற்குப் பொருளேது? இக்குறிகளைப் பல ஆண்டுகள் வலையினர் பெரும்பாலும் பொருட்படுத்தாமைக்கு இதுவும் ஒரு காரணமென்பது எம் கருத்து. ஆதலின் இன்று ரூட்டர் என்னும் வழிப்படுத்துங் கருவியை அமைப்போர், வலையின் வாயிலிலேயே காவல் வைக்கின்றனர். வெளியிலிருந்து வரும் குறியை நம்பாது அழித்து, பொதி எவ்விடத்திலிருந்து எத்தொழிலுக்காக வருகின்றதென்று ஆராய்ந்து, தாமே புதுக்குறி இடுகின்றனர். உள்ளிருக்கும் ரூட்டர்கள் அக்குறியை மாத்திரம் நோக்கி வரிசைப்படுத்தும். தொலைபேசிக் குரல் 150 மில்லிசெகண்டுக்கு மேல் தாமதித்தால் உரையாடல் தடுமாறும். ஆதலின் அதற்கு 46 என்னுங் குறி. கடிதம் சற்றே காத்திருந்தாலும் கெடுவதில்லையாகலின் அதற்குச் சாதாரணக் குறியாகிய 0 போதும். குரலுக்குங்கூட ஓரளவு வகுத்தல் வேண்டும்; இன்றேல் ஏனைய பொதிகள் வழியின்றி நின்றுவிடும்.

குறியின் மதிப்பு அதை ஏற்போரின் நம்பிக்கையில் இருப்பது போலவே, போஸ்டெலின் அதிகாரமும் இருந்தது. இணையப் பெயர்களுக்கெல்லாம் மூலமான கணினிகளை நடத்துவோருக்கு 1998 ஜனவரியில் இவர் கடிதம் விடுத்து, அரசாங்க ஒப்பந்தக் கம்பெனியின் கணினியை விட்டுத் தம் கணினியையே முதலாகக் கொள்ளுமாறு கேட்டார். எண்மர் உடனே இணங்கினர்! அவர்களைக் கட்டாயப்படுத்த இவரிடம் சட்ட பலம் யாதுமில்லை. அரசாங்கத்தார் வெகுண்டனர், இவர் அதனைச் சோதனையென்று கூறிப் பழைய நிலைக்கே திருப்பினார். அச்செயல் முறையானதா என்பதில் அறிஞர் வேறுபடுவர். முன்னறிவிப்பின்றிச் செய்தது தகாதென்றே நாம் எண்ணுகின்றோம். ஆயினும் ஒரு தனி மனிதர் சொல்லுக்கு அத்துணை மதிப்பு எவ்வாறு வந்ததென்பது வியக்கத்தக்கதே.

அவ்வருஷம் அக்டோபர் மாதம் 16-ந் தேதி, இருதய நோயால், 55-ஆம் வயதில் லாஸ் ஏஞ்சல்ஸில் போஸ்டெல் காலமானார். டிசம்பரில், அவர் பதிப்பித்த அவ்வெட்டிலக்க இடத்தைப் புதுக்கும் விதி வெளிவந்தது. ஆறிலக்கங்கள் ஒன்றாக்கப்பட்டு 64 குறிகளுக்கு இடமாயிற்று. எனினும் பழைய முந்துரிமை வரிசையைப் புதுவிதியார் சிதைக்கவில்லை. குரலுக்குரிய 46-ஐ இருமை எண்ணில் எழுதினால் 101110 ஆகும். அதன் முதல் மூன்றிலக்கமாகிய 101 என்பது, 1981-இன் வரிசையில் இருந்த 5-ஆம் எண்ணே.