பாரிஸ்டர் காந்தி தீர்த்து வைத்த வழக்கு

காந்தியடிகள் 1888இல் எமது லண்டனுக்கு வந்து, பேரன்ஸ் கோர்ட் வீதியில் குடியிருந்து, இன்னர் டெம்பிளில் சட்டம் பயின்று 1891இல் பாரிஸ்டர் ஆனவர் என்பதை நாம் அறிவோம். அவர் தீர்த்த முதற் பெரும் வழக்கைப் பலர் அறியோம்.

1893இல் அவர் தென்னாபிரிக்கா சென்றது வர்த்தகர் தாதா அப்துல்லாவின் வழக்குக்காக. எதிராளி பிரிட்டோரியாவிலிருந்த தையப் சேட், உறவினர். தொகை 40,000 பவுண். கணக்குகளைத் துருவிப் பார்த்ததில் நியாயம் தம் கட்சிக்காரர் பக்கமே எனக் கண்டார் காந்தி. ஆயினும் வழக்கு நீண்டால் வக்கீல் செலவே இருவரையும் அழித்துவிடும். மன்றாடி, நடுவர் ஒருவரை ஏற்க இருவரையும் இணக்கினார்.

தாதா அப்துல்லா வென்றார்: 37,000 பவுணும் செலவும். ஒரே தடவையில் கட்டினால் தையப் சேட் வங்குரோத்துத்தான். மானமுள்ள வர்த்தகருக்கு அது மரணத்துக்குச் சமம். காந்தி அதிகம் பாடுபட்டது இதன் பின்னர்தான். வென்றவரை இறங்கிவரச் செய்வது இலேசான காரியமா? நீண்டகாலத் தவணைகளில் பெற்றுக்கொள்ள ஒருவாறு சம்மதித்தார் தாதா அப்துல்லா. இருவர் மதிப்பும் ஊரில் உயர்ந்தது.

மறு ஆண்டு, எசமானால் பல் உடைபட்டு வந்த எம் தமிழ்த் தொழிலாளி பாலசுந்தரத்துக்கும் காந்தி நாடியது எசமானின் தண்டனையையன்று. வேறு எசமானிடம் மாற்றத்தையே. அதையும் பேசியே பெற்றார்.

1922இல் இன்னர் டெம்பிள் அவர் பெயரை நீக்கியது. 1988இல் மீண்டும் சேர்த்தது.