உள்ளங்கையில் ஒரு மோட்டார் கார் – பிராங்க் ஹார்ன்பி

1949-ஆம் ஆண்டு நம் எண்ணூரில் இருந்த அசோக் மோட்டார்ஸ் தொழிற்சாலையிலிருந்து ஆஸ்டின் ஏ40 கார்கள் வெளிவரத் தொடங்கின. ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் அதே ஆஸ்டின் கார், விரல் நீளத்தில் உலோகத்தில் வார்க்கப்பட்டு விளையாட்டுப் பொருளாக விற்பனைக்கு வந்தது. எண்ணூர்க் கார்களை இன்று சாலையில் காண்பது அரிது. விரல் நீளக் காரையோ, தலை நரைத்த பெரியவர்களும் கண்ணாடிப் பேழையில் வைத்துப் போற்றுகின்றனர். 'டிங்கி' எனப் பெயர் பெற்ற அச்சிறு கார்களை உலகுக்குத் தந்த நிறுவனத்தை நிறுவியவரே பிராங்க் ஹார்ன்பி.

இவர் 1863-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் லிவர்பூலில் பிறந்தார். அதுவும் நம் ராயபுரத்தைப் போல் துறைமுகத்தை ஒட்டி வாழ்ந்த ஊர்தான். தந்தை மளிகை வியாபாரி. பதினாறு வயதில் படிப்பை விட்ட ஹார்ன்பி, தந்தையின் கடையில் காசாளராக அமர்ந்தார். கிளாரா என்னும் பள்ளி ஆசிரியையை மணந்தார். 1899-இல் தந்தை மறைய, கடையும் மூடப்பட்டது. இறைச்சி இறக்குமதி செய்யும் ஒருவரிடம் கணக்கராகச் சேர்ந்தார். பொறியியல் படித்தவரல்லர், பேரேடுதான் அவருடைய உலகம்.

தம் ஆண் மக்கள் இருவருக்கும் மாலை வேளைகளில் தகரத்தை வெட்டிப் பாலமும் கிரேனும் செய்து கொடுப்பார். ஒவ்வொரு பொம்மைக்கும் புதிதாகப் பாகங்கள் வெட்டுவது பெருந்தொல்லை. அரை அங்குல இடைவெளியில் ஒரே அளவாகத் துளையிட்ட பட்டைகளைச் செய்து திருகாணியால் இணைத்தால், இன்று கிரேனாக இருப்பதை நாளை வண்டியாக மாற்றலாமே என்று அவருக்குத் தோன்றியது. காப்புரிமை பெறக் கையில் பணமில்லை. முதலாளி எலியட் ஐந்து பவுன் கடன் கொடுத்தார். 1901-இல் உரிமை கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 37! சில ஆண்டுகள் இலாபமே இல்லை. 1907-இல் அதற்கு 'மெக்கானோ' என்ற பெயர் வந்தது. 1914-இல் பின்ஸ் சாலையில் பெருந்தொழிற்சாலை எழுந்தது. 1920-இல் பொம்மை இரயில்கள் ஓடின.

அந்த இரயில் நிலையங்களுக்கு அழகூட்டும் துணைப்பொருளாகவே 1933-இன் இறுதியில் சிறு மோட்டார் வண்டிகள் வெளிவந்தன. அடுத்த ஆண்டே அவை 'டிங்கி' ஆயின. உருக்கிய உலோகத்தை எஃகு அச்சினுள் அழுத்தத்துடன் செலுத்தி வார்ப்பதால், கதவின் கோடும் விளக்கின் வளைவும் பிசகாமல் பதிந்துவிடும். கவர்ச்சி இதில்தான் இருக்கிறது. பார்ப்பவர் அதைப் பொம்மையாகக் கருதுவதில்லை. சிறுத்துப்போன உண்மைக் காராகவே எண்ணுகிறார். பிற்காலத்தில் ஜாகுவாரும் ஃபெராரியும் லம்போர்கினியும் இவ்வாறே உள்ளங்கைக்குள் வந்தன. அக்கார்களை விலைக்கு வாங்கக் கோடீசுவரராக இருக்க வேண்டும். இவற்றுக்கோ உண்டியல் காசு போதும். எனினும் துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற மாசு கலந்துவிட்டதால், போருக்கு முந்திய வண்டிகள் பல தாமாகவே விண்டு பொடியாயின. பழுதற்ற ஒன்று கிடைத்தால் சேகரிப்போர் அடையும் மகிழ்ச்சிக்கு அளவில்லை.

தோழியரே, ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மெக்கானோ பெட்டிகளின் மேல் வரையப்பட்டவர்கள் பெரும்பாலும் சிறுவர்களே. பெண் குழந்தைகளுக்கென டிங்கி வரிசையில் வந்தவை பொம்மை வீட்டு நாற்காலியும் கட்டிலும்தாம்! அத்துணை நுண்ணறிவு கொண்டவர், நமக்கும் ஒரு திருப்புளி தேவைப்படும் என்று எண்ணாதது வியப்பே.

1931 முதல் 1935 வரை நாடாளுமன்ற உறுப்பினராக விளங்கிய ஹார்ன்பி, 1936 செப்டம்பர் 21-இல் காலமானார். டிங்கியின் பழைய அச்சுகள் சில 1960-களின் பிற்பகுதியில் கல்கத்தாவுக்கு வந்தன. அவற்றில் வார்த்த கார்கள் 'நிக்கி' என்ற பெயரில் நம் நாட்டில் விற்கப்பட்டன. பின்ஸ் சாலைத் தொழிற்சாலை 1979-இல் மூடப்பட்டது.

டிங்கிக்குப் பெரும் போட்டியாக எழுந்த கதைக்குக் காரணம் ஒரு சிறுமிதான். தீப்பெட்டிக்குள் அடங்கும் விளையாட்டுப் பொருளை மட்டுமே வகுப்புக்குக் கொண்டு வரலாம் என்பது அவள் பள்ளியின் விதி. அவளுடைய தந்தை ஜாக் ஓடெல் பித்தளையில் குட்டி ரோடு ரோலர் ஒன்றைச் செய்து தீப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார். வகுப்புத் தோழியர் அனைவரும் தமக்கும் வேண்டுமென்றனர். 1953-இல் 'மேட்ச்பாக்ஸ்' கார்கள் பிறந்தன. நம் பள்ளியில் தீப்பெட்டிக்கே அனுமதியில்லை என்பது வேறு செய்தி!